இரண்டு கான் தண்ணீரும் ஒரு வாளி மண்ணும்

பல்லேகலயில் படப்பிடிப்புக்காக நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் கேற்றுக்கு முன்னால் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. பின்னேரம் மூன்று மணியிருக்கும். நஸீர் நானா இறங்கினார். இறங்கியவர் திரும்பவும் உள்ளே குனிந்து, இருபது லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்றை இழுத்து வெளியே வைத்தார். பிறகு இன்னொன்று. கடைசியாக, மூடி போட்ட சின்னப் பெயின்ட் வாளி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துப் பக்குவமாக இறக்கினார்.

கேற்றடியில் நான்தான் நின்றிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து "அக்‌ஷன்!" என்ற சத்தம் கேட்டது. அடுத்து ஒரு சிறுமியின் வீறிடல். அடுத்து "கட்! கட்!" இது பதினோராவது தடவை.

"வாங்க நானா. என்ன இது, தண்ணியெல்லாம்?"

"போன கிழம இங்க பைப்புல தண்ணி வரல்லயாமே டீச்சர். புள்ள சென்னா. அதான் கையோட கொண்டு வந்துட்டன்."

வாளியின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே செம்மண். கல், குச்சி எதுவுமில்லாமல் மாவு மாதிரி அரித்த மண்.

"கடையில மணல் அரிக்கிற வல ஈக்கிதானே, அதாலதான் அரிச்ச. புள்ளட கையில குத்தாது."

மூடியை அழுத்திப் பூட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு கேட்டார்: "எங்கட சீன் முடிஞ்சா?"

அவருடைய மகள் ஸைனப் எனக்குப் பின்னால் நின்ற வேனில், கடைசி ஆசனத்தில், பாடசாலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய காட்சியை உள்ளே வேறொரு பிள்ளையை வைத்து எடுத்துக்கொண்டிருந்தோம். அப்படி மாற்றச் சொன்னது நான்.

ஒரு பாராட்டுக் கடிதம்

இதை எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. மாத்தளையிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. இரண்டு வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில், எங்கள் நாய்த் தொடரின் கடைசிக் காட்சியில் ஒரு முஸ்லிம் பிள்ளைக்குச் சங்கடம் வரக்கூடாதென்று ஆளை மாற்றினோம் என்று போகிற போக்கில் ஒற்றை வரி எழுதியிருந்தேன். அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் பாராட்டியிருக்கிறார். "உங்களைப் போன்ற பெரிய மனதுக்காரர்கள் கண்டியில் இருப்பதால்தான்" என்று ஒரு வசனம் வருகிறது. அதற்கு மேல் வாசிக்க என்னால் முடியவில்லை. கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, யாரிடம் எரிந்து விழலாமென்று வீடு முழுக்கச் சுற்றினேன். வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை.

அம்மா, என் பெரிய மனது என்ன செய்தது என்பதை முழுதாகவே சொல்லிவிடுகிறேன். அதன்பிறகும் பாராட்டத் தோன்றினால் உங்கள் இஷ்டம்.

கட்லட், ரோல்ஸ், பற்றிஸ்

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று நாய்கள். இன்ஸ்பெக்டர் கட்லட், அவருடைய உதவியாளர்கள் ரோல்ஸ், பற்றிஸ். கண்டிப் பக்கத்து ஒரு தெருவில் என்ன காணாமல் போனாலும் இவை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கும். தேங்காய்த் துருவலை காணாமல் போகும், ஒரு காலின் சப்பாத்து காணாமல் போகும், ஒருமுறை ஒரு வீட்டின் அழைப்புமணி காணாமல் போனது. நாய்கள் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்ளும். அது மனிதர்களுக்குக் கேட்காது. சிறுவர்களுக்கான நகைச்சுவைத் தொடர், மொத்தம் பன்னிரண்டு வாரம். வசனம் நான்.

பாடசாலையில் முப்பது வருடம் நாடகம் பழக்கியவள், இதென்ன பெரிய வேலை என்று நினைத்துவிட்டேன். பிள்ளைகளைச் சத்தம் போட்டு உட்கார வைக்கலாம். நாயை யார் உட்கார வைப்பது?

முதலில் குற்றவாளிப் பிரச்சினை. கண்டியில் பொருள் காணாமல் போனால் எடுத்தது யாராக இருக்கும்? குரங்குதான். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். நானும் உள்ளதைத்தான் எழுதினேன். நான்காவது வாரம் முடிந்ததும் கொழும்பிலுள்ள தொலைக்காட்சிக்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "எல்லாக் கிழமையும் குரங்குதான் திருடன் என்றால் பிள்ளைகள் எதை ஊகிப்பது?" என்று கேட்டார்கள். அவர்கள் வந்து எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.

அடுத்தது கட்லட். கட்லட்டாக நடித்த நாயின் உண்மைப் பெயர் பிரவுனி. குண்டசாலையைச் சேர்ந்த பண்டார என்பவர் வளர்த்துப் பழக்கிய நாய். பண்டார அதனோடு பேசுவது சிங்களத்தில். "இந்தகனிங்" என்றால் உட்காரும், "வரெங்" என்றால் வரும். ஆனால் சும்மா வராது. மாலு பணிஸின் உள்ளே இருக்கும் மீன் கலவை வேண்டும். பணிஸைத் தொடாது. ஒவ்வொரு நாளும் இரண்டு டசின் பணிஸ் வாங்கி, உள்ளேயிருப்பதை நாய்க்கும் வெளியே இருப்பதைப் படப்பிடிப்புக் குழுவுக்கும் கொடுத்தோம். மூன்று மாதம் நாங்கள் எல்லோரும் வெறும் கோது தின்றுதான் வேலை செய்தோம்.

இயக்குநர் துஷ்யந்தன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பேராதனையில் படிக்க வந்தவர், படிப்பு முடிந்தும் ஊர் திரும்பவில்லை. கட்லட்டுக்குக் குரல் கொடுத்ததும் அவர்தான். எது கேட்டாலும் முதலில் "ஓமக்கா" என்பார். பிறகு தான் நினைத்ததைச் செய்வார். அன்றைக்கும் என் பேச்சைக் கேட்காமல் தன்பாட்டில் செய்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கென்று பார்த்து ஓமக்காவோடு நிறுத்திக்கொண்டார்.

கலகெதரயிலிருந்து ஒரு குரல்

ஸைனப்புக்குப் பத்து வயது. கலகெதரயில் அவளுடைய வாப்பா நஸீர் நானாவுக்கு ஹார்ட்வெயர் கடை. பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டி ஒன்றில் அவள் தனியாக நின்று நடித்ததைப் பார்த்துவிட்டு, நானே தேடிப்போய்க் கேட்டேன். தொடரில் வரும் நிலா என்ற சிறுமி அவள்தான்.

முதல் நாள் நஸீர் நானா அவளைக் கொண்டுவந்து விட்டபோது ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"நாய் நக்காமக் கொஞ்சம் பாத்துக்கோங்க டீச்சர். பட்டா எங்களுக்குக் கழுவ வேணும். ஏழு தரம், அதுல ஒரு தரம் மண்ணால. அவ்வளவுதான், வேற ஒண்டும் இல்ல."

"அவ்வளவுதான்" என்று அந்த மனிதர் தன் வாயால் சொன்னார். எனக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அன்றே சோக்குக் கட்டியால் தரையில் கோடு போட்டேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் நாய், அந்தப் பக்கம் ஸைனப். இரண்டும் ஒரே காட்சியில் வரவேண்டுமென்றால் நடுவில் ஒரு கதிரை. பிரவுனி தன்பாட்டில் எழும்பி நடந்தாலே ஆறு பேர் ஒரேயடியாகக் கத்துவோம். லைட் பிடிப்பவர் கத்துவார், வேன் ஓட்டுநர் கத்துவார், எல்லோருக்கும் மேலாக நான் கத்துவேன். ஏழு தரம் கழுவும் கணக்கைப் பற்றி எங்களில் ஒவ்வொருவரும் மார்க்கம் படித்த பெரிய ஆலிம் மாதிரிப் பேச ஆரம்பித்தோம். நாயின் நிழல் பட்டால் என்ன, நாய் படுத்த பாயில் உட்காரலாமா என்று பகல் சாப்பாட்டு நேரத்தில் விவாதம் நடக்கும். ஸைனப் பக்கத்திலேயே இருந்து சாப்பிடுவாள். அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அந்தப் பிள்ளை நாயைப் பார்த்துப் பயந்து நான் கண்டதேயில்லை. நாங்கள் கத்தும்போதுதான் திடுக்கிடுவாள்.

இரண்டு மாதத்தில் அவள் பண்டாரவிடம் எல்லாக் கட்டளைகளையும் பழகிவிட்டாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே "வரெங் பிரவுனி" என்பாள். பணிஸ் இல்லாமலே அது வாலை ஆட்டிக்கொண்டு கோடு வரை வந்து நிற்கும். பண்டாரவுக்கே கொஞ்சம் எரிச்சல். "நான் சோறு போட்டு வளத்தது டீச்சர். இந்தப் புள்ள சும்மா கூப்பிட்டாப் போறான்" என்பார்.

வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

இங்கே கொஞ்சம் விலகிப் போகவேண்டியிருக்கிறது. எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால்தான் என் புத்தி எவ்வளவு மட்டம் என்பது விளங்கும்.

படப்பிடிப்பு நாட்களில் எல்லோருக்கும் பகலில் சோற்றுப் பார்சல். வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் கோழி, எனக்கு மட்டும் மரக்கறி. பார்சலில் ஊதா மையால் 'டீச்சர்' என்று எழுதி, றப்பர் பட்டி போட்டுத் தனியாக வரும். நான் சைவ சமயம் என்பதால் வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் சாப்பிடமாட்டேனென்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள். நான் கந்தசஷ்டிக்கு மட்டும் விரதம் பிடிக்கிற ஆள். மற்ற நாளில் கோழியின் கழுத்தெலும்பைக்கூட விடமாட்டேன். ஆனாலும் இவ்வளவு கரிசனையாக வாங்கித் தருகிறார்களே, எப்படி வேண்டாமென்பது? மூன்று மாதம் வெள்ளிக்கிழமை தவறாமல் பருப்பையும் போஞ்சிக்காய்க் கறியையும் விழுங்கினேன். பக்கத்தில் துஷ்யந்தன் கோழிக்காலைச் சூப்பும்போது எனக்கு வரும் கோபத்தைச் சொல்லி முடியாது.

பண்டாரவுக்கும் இதே கதைதான். பௌத்தர்களின் பௌர்ணமி நாளான போயாவில் அவரை வேலைக்குக் கூப்பிடக்கூடாதென்று நாங்களாகவே தீர்மானித்தோம். மூன்று போயாவையும் விட்டோம். மூன்றாவது முடிந்து வந்தவர், "பன்சலைக்குக் காலையில் கும்பிடப் போயிட்டு வந்தா அன்னைக்கிப் பூரா வீட்டுல சும்மாதானே டீச்சர். ஏன் கூப்பிடல்ல?" என்று கேட்டார்.

கண்டியில் இது ஒரு நோய். அடுத்தவர் மனம் நோகக்கூடாதென்று அவ்வளவு கவனமாக இருப்போம். அதற்காக அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் அதுவே மனம் நோகுமென்று பயந்து, நாமே அவருக்காக முடிவெடுத்துவிடுவோம். அவரும் நம் மனம் நோகக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டு போஞ்சியைத் தின்பார்.

இத்தனைக்கும் எனக்கு இது தெரியாத விஷயமில்லை. நான் சிறுமியாக இருந்தபோது பேராதனையில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மர்யம் மாமி வீடு. எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு நாய். மாமி வருகிறார் என்றால் அப்பா ஓடிப்போய் அதைச் சங்கிலியில் கட்டுவார். ஹஜ்ஜுப் பெருநாளன்று மாமி எங்களுக்கு அனுப்பும் இறைச்சியோடு, வாழை இலையில் தனியாகச் சுற்றிய எலும்புப் பொதி ஒன்றும் வேலிக்கு மேலால் வரும். "இது கறுப்பனுக்கு" என்பார். கட்டிப்போட்ட நாய்க்குப் பெருநாள் பங்கு. கறுப்பனைக் கட்டச் சொல்லி மாமி ஒருநாளும் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

என் பெரிய மனது

கடைசி வாரத்தின் கடைசிக் காட்சியை நான் எல்லாவற்றுக்கும் முதலில் எழுதிவிட்டேன். நடிகர்களைத் தேட முன்னரே எழுதியது. நடிக்க வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அதன் பிரதியும் கொடுத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் கட்லட் பெரிய கௌரவம் பிடித்த நாய். பன்னிரண்டு வாரமும் தன்னைத் தடவ யாரையும் விடாது. கடைசியில் நிலாவின் தொலைந்துபோன சப்பாத்தைக் கவ்விக்கொண்டு வந்து அவள் காலடியில் போடும். பிறகு தலையை அவள் மடியில் வைக்கும். அவள் அதன் தலையில் கை வைப்பாள். வசனம் எதுவும் கிடையாது. முழுத் தொடரும் அந்த ஒரு கைக்காகத்தான்.

அதை எடுப்பதற்கு முதல் நாள் மாலை எனக்கு ஞானோதயம் வந்தது. ஐயோ, இந்தப் பிள்ளையின் மடியில் நாய் தலை வைப்பதா? நஸீர் நானா என்ன நினைப்பார்? ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள்? துஷ்யந்தனைக் கூப்பிட்டேன்.

"காட்சியை ஹரிணிக்கு மாத்துங்க தம்பி. நிலாவோட சினேகிதியா வர்ற பிள்ளைதானே, பார்க்கிற பிள்ளைங்களுக்கு ஒரு குழப்பமும் வராது."

"ஓமக்கா. ஸைனப்பின்ர அப்பாட்டை ஒருக்காக் கேட்டுப் பாப்பமோ?"

"கேட்டா அவருக்குத்தான் தர்மசங்கடம். நாமளே மாத்திட்டா அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லைதானே."

இதைச் சொல்லும்போது என்னைப்பற்றி எனக்கு எவ்வளவு திருப்தி தெரியுமா? அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஸைனப் வேனிலிருந்து இறங்கும்போதே நிலாவின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் அவள் தோளில் கை போட்டு, "உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம்னு கடைசி சீனை மாத்திட்டோம் மகள். நாய்கிட்ட நீங்க போகத் தேவையில்லை" என்றேன்.

என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். "சரி டீச்சர்" என்றாள். திரும்பி வேனுக்குள் ஏறி, கடைசி ஆசனத்துக்குப் போய்விட்டாள்.

அந்தச் 'சரி'யை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் பிள்ளைகளோடு பழகிய டீச்சர்!

மேசைமேல் ஹரிணி

ஹரிணிக்கு எட்டு வயது. நல்ல பிள்ளை. அவள் வீட்டில் நாயைத் தொடக்கூடாதென்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அதை மட்டும்தான் நான் பார்த்தேன். அவளுக்கு நாயென்றால் உயிர் போகிற பயம் என்பதைப் பார்க்கவில்லை.

முதல் தடவை பிரவுனி சப்பாத்தோடு வந்ததும் மேசைமேல் ஏறிவிட்டாள். இரண்டாம் தடவை அவளுடைய அம்மாவின் இடுப்பில் ஏறினாள். ஐந்தாவது தடவை பிரவுனிக்கு இது ஏதோ விளையாட்டென்று பட்டுவிட்டது. சப்பாத்தைப் போட்டுவிட்டு மேசையைச் சுற்றி ஓடியது. எட்டாவது தடவை சப்பாத்தோடு நேரே வெளியே போய், வேனடியில் நின்று ஜன்னலைப் பார்த்துக் குரைத்தது. வேனுக்குள் யார் இருக்கிறாரென்று நாய்க்குத் தெரிந்திருந்தது. "பிடிங்க, பிடிங்க!" என்று நான் ஓடிப்போய்ப் பண்டாரவைக் கொண்டு இழுத்து வரச்செய்தேன்.

அங்கே தொட அனுமதியில்லை என்று நானாக நினைத்துக்கொண்ட பிள்ளை வேனில் தலைகுனிந்து இருக்கிறாள். இங்கே தொடலாம் என்ற பிள்ளை வீடதிரக் கத்துகிறாள். இதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. "ஹரிணியின் உடுப்பில் மீன் கலவையைப் பூசுங்கள்" என்றேன்.

பதினான்காவது தடவை, மடியில் பூசிய மீனுக்காகப் பிரவுனி தலையை வைத்தது. ஹரிணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, விறைத்த கையை அதன் தலைமேல் வைத்தாள். அதைத்தான் நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். கண்மூடி உருகி நடித்திருக்கிறாள் என்று ஒரு பத்திரிகையில்கூட எழுதினார்கள். பிள்ளை பயத்தில் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தாள் ஐயா!

"ஒரு வார்த்த கேட்டீக்கலாமே"

அந்தப் பதினோராவது தடவைக்கும் பதினான்காவது தடவைக்கும் இடையில்தான் நஸீர் நானா தண்ணீரோடு வந்து இறங்கினார்.

"எங்கட சீன் முடிஞ்சா?" என்று கேட்டவருக்கு நான் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். உங்களுக்குச் சங்கடம் வேண்டாமென்றுதான், பிள்ளைக்குக் கஷ்டம் வேண்டாமென்றுதான் என்று, அதையே நாலு விதமாகத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் தண்ணீர்க் கானைப் பார்த்தார். வேனைப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா வூட்டுல தலகணிய மடியில வெச்சிப் பழகின டீச்சர். அவட உம்மா தலகணிய எடுத்தாச் சண்ட. நான் எங்கட பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கிட்டயும் போய்க் கேட்ட. தொழில் மாதிரி ஒரு விசயம்தானே, பட்டா முறையாக் கழுவிக்கோங்கண்டு சென்னாங்க. அதுக்குத்தான் இந்த மண்ணு, தண்ணி எல்லாம்."

குரலை உயர்த்தவேயில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீக்கலாமே" என்றார்.

நான் உள்ளே ஓடினேன். பதினான்காவது தடவை சரியாக வந்துவிட்ட சந்தோஷத்தில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "இன்னொரு தடவை எடுங்க, ஸைனப்பை வச்சு எடுங்க" என்று கத்தினேன். துஷ்யந்தன் வானத்தைக் காட்டினார். ஹந்தானை மலைப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டை அன்று ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அடுத்த நாள் வேறு ஆட்களுக்கு விட்டிருந்தார்கள். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி அக்கா, ஒருக்காப் பாப்பம்" என்றார்.

ஸைனப்பை நானே போய்க் கூப்பிட்டேன். வந்து படியில் உட்கார்ந்தாள். மஞ்சள் சட்டையை நீவிவிட்டுக்கொண்டாள். பண்டார "வரெங், வரெங்" என்று கூப்பிட்டார். பிரவுனி பலாமரத்தடியில் படுத்திருந்தது. இரண்டு டசின் பணிஸின் மீன் முழுவதும் வயிற்றில். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"நான் கூப்பிடவா டீச்சர்?" என்று ஸைனப் கேட்டாள். அவள் வாயைத் திறக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. பல்லேகல மழை தெரியும்தானே, தூறி நேரத்தை வீணாக்காது. லைட்டைத் தூக்கு, கமராவை மூடு என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

"இனி ஏலாதக்கா" என்றார் துஷ்யந்தன். அவர் கண்ணிலும் தண்ணீர். மழை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு

சாமான்களை ஏற்றி முடிக்க முக்கால் மணித்தியாலம் போனது. கமரா பெட்டிக்குள் போய்ப் பூட்டும் போட்டாயிற்று. மழை விட்டுத் தூறலாகியிருந்தது. ஸைனப் வேனின் திறந்த கதவில், காலை வெளியே தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருந்தாள். நஸீர் நானா கான்களைத் திரும்ப முச்சக்கர வண்டியில் ஏற்றக் குனிந்தார்.

பலாமரத்தடியிலிருந்து பிரவுனி எழும்பியது. உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டது. யாரும் கூப்பிடவில்லை. யார் கையிலும் மீன் இல்லை. முற்றத்துச் சேற்றைக் கடந்து நேரே வேனடிக்கு வந்து, தலையைத் தூக்கி அவள் மடியில் வைத்தது.

கத்துவதற்கு நாங்கள் எட்டுப்பேர் இருந்தோம். மூன்று மாதத்தில் முதல்தடவையாக ஒருவரும் கத்தவில்லை.

ஸைனப் வாப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் கையைத் தூக்கி அதன் ஈரத் தலைமேல் வைத்தாள். நான் எழுதியிருந்ததைவிட மெதுவாக வைத்தாள். பிரவுனி முகத்தைத் திருப்பி அவள் கையை நன்றாக நக்கியது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எழுதியிருக்கவில்லை. துஷ்யந்தன் பூட்டிய கமராப் பெட்டியின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார்.

பண்டார நாயைக் கூட்டிக்கொண்டு போனபிறகு, நஸீர் நானா ஒரு கானைத் திரும்ப இறக்கினார். ஒரு கோப்பையால் வாளி மண்ணில் தண்ணீர் விட்டுக் குழைத்தார்.

"உடுப்ப வூட்டுல கழுவலாம். கைய நீட்டுங்க மகள்."

"நான் ஊத்தவா நானா?" என்றேன். கேட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். அவர் கோப்பையைத் தந்தார்.

முதலில் மண் குழைத்த தண்ணீர். அவர் மகளின் விரல் விரலாகத் தேய்த்துவிட்டார். மண்ணில் ஒரு கல் இல்லை. பிறகு வெறும் தண்ணீர். நான் ஊற்ற ஊற்ற ஸைனப் எண்ணினாள். ரெண்டு, மூணு, நாலு. பத்து வயதுப் பிள்ளையின் கை அவ்வளவு சின்னது. நான் அவளுக்குச் செய்தது ஒவ்வொரு கோப்பைக்கும் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அஞ்சு, ஆறு. எனக்குக் கண் மறைத்தது. கான் நிறையத் தண்ணீர் இருந்தது, கானைச் சரித்துச் சரித்துக் கோப்பையை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர்" என்றாள் ஸைனப். "ஏழு முடிஞ்சி."

நான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.